படையலில் ஒரு கிளாஸ் விஸ்கி

எங்கள் ஊரில் இப்போதெல்லாம் ஒரு ஆம்பளை செத்துப்போனால் "எப்போ எடுக்கிறாங்க?" என்று யாரும் முதலில் கேட்பதில்லை. "பாக்கெட்டா?" என்றுதான் கேட்கிறார்கள். பாக்கெட்டில் விற்ற கள்ளச்சாராயத்தைக் குடித்துக் கொத்துக் கொத்தாகச் செத்த பிறகு கள்ளக்குறிச்சிக்கு ஒட்டிக்கொண்ட கேள்வி அது. என் சிநேகிதன் செத்த அன்றும் கேட்டார்கள். கையில் மாலையை வைத்துக்கொண்டே ஒருத்தன் கேட்டான். அவனை அறையாமல் விட்டது எனக்கு இன்னும் ஆறவில்லை.

சிநேகிதன் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜூஸ் கடை வைத்திருந்தான். பட்டப்பகலில் சாத்துக்குடி பிழிந்துகொண்டிருந்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான், அவ்வளவுதான். மாரடைப்பு என்று டாக்டர் சொன்னார். யார் காதில் விழுந்தது?

குடிப்பான். இல்லையென்று நான் சொல்லவில்லை. துபாயில் ஒரு ஹோட்டல் பாரில் வேலை பார்த்தவன். காக்டெய்ல் கலக்குவது அவனுக்குக் கைவந்த வித்தை. ஞாயிற்றுக்கிழமைகளில் பைக்கில் கச்சிராயபாளையம் தாண்டி கல்வராயன் மலை ஏறுவோம். ஓடையோரப் பாறையில் துண்டை விரித்து எலுமிச்சை, இஞ்சி, மலைத்தேன், ஐஸ் என்று ஒவ்வொன்றாக எடுத்து வைப்பான், ஹோமத்துக்கு உட்கார்ந்த ஐயர் மாதிரி. நான் பறந்தால், "இர்ரா, இன்னா அவசரம்? சரக்கு எழுந்து ஓடிடுமா?" என்பான். ரம்மில் அன்னாசிச் சாறு ஊற்றிய ஒன்றுக்கு 'மாமியார்' என்று பெயர் வைத்திருந்தான். ஏன்டா என்றால் சிரிப்பானே தவிர சொல்லமாட்டான். ஆளுக்கு ஒரு கிளாஸ். ரொம்ப சந்தோஷமென்றால் இன்னொன்று. நாக்கு குழறக் குடிப்பவனைக் கண்டாலே அவனுக்கு ஆகாது. "சரக்கையும் கெடுக்கறான், பேச்சையும் கெடுக்கறான்" என்பான். பாறையிலேயே படுத்துத் தூங்கி, நன்றாகத் தெளிந்த பிறகுதான் வண்டியைத் தொட விடுவான். அப்பேர்ப்பட்டவனைப் பார்த்துத்தான் பாக்கெட்டா என்றார்கள்.

பதினாறாம் நாள் படையல். செத்தவருக்குப் பிடித்ததையெல்லாம் இலையில் வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். சரக்கு பிடித்தவருக்குச் சரக்கு. அதற்காக யாரும் கூச்சப்பட்டதில்லை. வைத்த பிறகு, அவர் வந்து சாப்பிடட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே நிற்போம். அப்புறம் அந்த கிளாஸைக் கூட்டாளி ஒருவன் எடுத்துக் குடிக்க வேண்டும்.

அவன் அண்ணன் குறுக்கே வந்து நின்றார். "ஊரே வாய்க்கு வந்தபடி பேசிக்கினு கீது. நீ வேற கிளாஸ வெச்சிக் காட்டப் போறியாம்மா? நாளைக்கு உன் பொண்ணுக்கு மாப்ள வர வேணாமா?"

அவன் மனைவி இலையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். "ஒளிச்சி வெச்சாதான் மாமா தப்பு. அப்பறம் அவங்க சொல்றது நெசமாப் பூடும்." என் பக்கம் திரும்பினாள். "அண்ணே, நீங்க கலந்து குடுங்க."

கலந்தேன். விஸ்கி, தேன், இஞ்சிச் சாறு. தேன் கொஞ்சம் ஜாஸ்தியாகிவிட்டது. கற்பூரம் காட்டி, கதவைச் சாத்தி, வாசலில் நின்றோம். அவன் மகள் என் பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

கதவைத் திறந்ததும் அண்ணன் கேட்டார். "யாருப்பா குடிக்கறது?"

ஓசியில் கொடுத்தால் ஃபினாயிலைக்கூட முகர்ந்து பார்க்கிறவன்களெல்லாம் செருப்பைத் தேட ஆரம்பித்தான்கள். பின்னாலிருந்து ஒரு பெண்குரல், "எதுக்கு வம்பு? கீழ ஊத்திடுங்க" என்றது. நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே போனேன். அதற்குள் அவன் மனைவி கிளாஸை எடுத்துவிட்டாள்.

"வெசமா இது? நல்லாப் பாத்துக்கோங்க" என்று சொல்லி அத்தனை பேர் முன்னாலும் மடமடவென்று குடித்தாள். பிராந்திக் கடை இருக்கும் பக்கம் நடக்கக்கூட மாட்டாள் அவள். புரையேறும் என்று நான் தண்ணீர்ச் சொம்போடு ஓடினேன். ஏறவில்லை. முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு அவன் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லாத்தான் கீது" என்றாள். பிறகுதான் அவளுக்கு அழுகை வெடித்தது. "இத்தினி வருசத்துல எனக்கு ஒரு வாயி கலந்து குடுத்தியாய்யா நீ?"