சூடு தெரியாத கை

சிப்காட் தொழிற்பேட்டையில், கம்பி உருட்டும் ஆலையில் பழுக்கக் காய்ந்த கம்பியை இடுக்கியால் பிடிப்பவர் துளசிராமன். வேலைக்குச் சேர்ந்த பதினோராவது வருஷம், 2003இல், மனைவி சத்யாவுக்கு இரண்டாவது பிரசவம், ஆபரேஷன். அவளுக்குத் தாய்வீடு என்று ஒன்று இல்லை. தகப்பனுக்கென்று ஆலையில் லீவும் கிடையாது. மிச்சம் கிடந்த லீவையெல்லாம் சேர்த்து நாற்பது நாள் கேட்டு எழுதிக் கொடுத்தார்.

"இன்னாய்யா துளசி, பெத்தது நீயா, உன் ஊட்டுக்காரியா?" என்றார் சூப்பர்வைசர் தாவீது. ஷெட்டே சிரித்தது. சிரித்துக்கொண்டே தாவீது கையெழுத்தும் போட்டார்.

சோறு பொங்குவது, துணி அலசுவதெல்லாம் வந்துவிட்டது. குளிப்பாட்டுவதுதான் பயம். முதல் நாள், கால்களை நீட்டி உட்கார்ந்து, பெண் குழந்தையைக் கால்மேல் கிடத்தி, வாளியில் கையை விட்டுப் பார்த்தார். வெதுவெதுப்பாகத்தான் பட்டது. சொம்பில் மொண்டார். பக்கத்தில் குந்தியிருந்த ஐந்து வயது ஹேமநாத் விளையாட்டாக விரலை விட்டு, வெடுக்கென்று இழுத்துக்கொண்டான்.

"நைனா, சுடுது!"

சொம்பு எங்கோ போய் விழுந்தது. துளசிராமன் தன் உள்ளங்கையைப் பார்த்தார். அனலில் காய்த்துக் காய்த்து அதற்குச் சூடே தெரியாமல் போயிருந்தது. இந்தக் கையை நம்பிப் பிள்ளையை எப்படிக் குளிப்பாட்டுவது?

தையல் போட்ட வயிற்றோடு படுத்திருந்த சத்யா உள்ளிருந்து சொன்னாள். "அவனையே பாக்கச் சொல்லுய்யா. அவன் கை பிஞ்சுதான?"

நாற்பது நாளும் ஹேமநாத் முழங்கையை நனைத்து "சரி நைனா" என்ற பிறகே தண்ணீர் விழுந்தது.

ஐந்து வருஷம் கழித்து, எதிர்வீட்டுக் கோவிந்தம்மாவின் மகளுக்குக் குழந்தை. கோவிந்தம்மா வாசலில் வெந்நீர் விளாவிக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடப் பையோடு போன ஹேமநாத் நின்று, வாளியில் முழங்கையை விட்டான்.

"டேய், பொம்பள வேலையில உனுக்கு இன்னாடா?"

"இது பொம்பள வேலயா?" அவன் நிஜமாகவே விழித்தான். "எங்க ஊட்ல நைனாவும் நானும்தான் ஊத்துனோம். இன்னும் ஒரு சொம்பு பச்சத்தண்ணி ஊத்து அத்தே."

சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்த துளசிராமன் காதில் அது விழுந்தது. அன்று ஷிப்டுக்குப் போனதும் நேராகத் தாவீதின் முன் போய் நின்றார்.

"தாங்ஸ் சார்."

"எதுக்குய்யா?"

"லீவு குடுத்தீங்களே."

"எப்போ குடுத்தேன்?" தாவீது ரிஜிஸ்டரைப் புரட்டினார்.

"அதுல இருக்காது சார். அஞ்சு வருஷத்துக்கு முன்ன, பொண்ணு பொறந்தப்போ. நாப்பது நாளு."

தாவீதுக்கு நினைவில்லை. துளசிராமன் கையுறையை மாட்டிக்கொண்டு உலைப் பக்கம் நடந்தார்.