பலாச்சுளை நிறத்தில் ஒரு பிக்கப்

பழைய வண்டியை ஓட வைக்கிற தொழிலில் ஒரு வசதி உண்டு: ஓடவில்லை என்றால் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள், ஓடிவிட்டால் தெருவே வேலையைப் போட்டுவிட்டு வந்து நிற்கும். காலையில் சாவியைத் திருகுவதற்கு முன்னால் குலதெய்வத்தைக் கூப்பிடுகிற நண்பர்களே, உங்களை நம்பித்தான் இதை எழுதுகிறேன். புது வண்டி வைத்திருப்பவர்களுக்கு நம் வேதனையும் புரியாது, நம் சந்தோஷமும் புரியாது.

கடலூர் முதுநகரில் எனக்கு ஒரு சின்ன ஒர்க்‌ஷாப். அதற்கு முன்னால் செம்மங்குப்பத்தில் ஒரு கம்பெனியில் பம்புகளைக் கழற்றி மாட்டுகிற ஃபிட்டராக இருந்தேன். என் மனைவியின் தம்பி பாபு என்னோடு இருக்கிறான். வயரிங் அவன் வேலை, மற்றதெல்லாம் என் வேலை. ஆயில் மாற்றுவது, கிளட்ச் போடுவது என்று காலம் தள்ளிக்கொண்டிருந்த எங்களுக்கு ஒரு முழு வண்டியைப் பிரித்துக் கட்டுகிற யோகம் ஒரு பலாப்பழ வியாபாரி மூலமாக வந்தது.

கொடியோடு வந்த வண்டி

மங்கலம்பேட்டையிலிருந்து பலாப்பழ வியாபாரி அமுதா அக்கா ஒரு பழைய பிக்கப்பை ரெக்கவரி லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார். லாரியின் முன் சீட்டிலிருந்து குதித்து இறங்கியவர் முகத்தில், மாப்பிள்ளை அழைப்புக்கு வந்தவர் போல ஒரு பூரிப்பு. பின்னால் இருந்த வண்டியைப் பார்த்ததும் நான் ஓரடி பின்னால் நகர்ந்தேன். பூட்டிக் கிடந்த ஒரு ரைஸ் மில்லுக்குப் பின்னால் பல வருஷம் நின்றிருந்ததாம். ஒரு ஜன்னல் வழியாக உள்ளே போன கோவைக்கொடி மறு ஜன்னல் வழியாக வெளியே வந்து, ஸ்டியரிங்கைச் சுற்றிக்கொண்டு பழம் வேறு பழுத்திருந்தது.

அக்காவின் அண்ணன் "எடைக்குப் போடு" என்று சொல்லிவிட்டாராம். அக்கா கேட்கவில்லை. "டீசல் வண்டி தம்பி, சேஸ் இரும்பு மாதிரி இருக்கு" என்றார். வண்டியின் அடிச்சட்டம்தான் சேஸ், அது இரும்பில்தான் இருக்கும் என்பதை அவரிடம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. பானெட்டைத் திறந்தேன். ஏர் ஃபில்டருக்குள் வைக்கோல், துணி, வேர்க்கடலைத் தோல் எல்லாம் சேர்த்து ஓர் எலி குடும்பம் நடத்தியிருந்தது. பாபு வண்டியை ஒருமுறை சுற்றி வந்தான். என் காதோரம் வந்து கேட்டான்: "மாமா, இதுல வண்டி எது, வேலி எது?"

உயிர் இருக்கிறதா?

என்ஜின் ஜாம். என்ஜினைச் சுழற்றுகிற கிராங்க்கில் பெரிய ஸ்பேனரைப் போட்டு இரண்டு பேரும் தொங்கினோம். மலை மாதிரி நின்றது. டீசலைப் பீய்ச்சுகிற நாசில்களைக் கழற்றி, சிலிண்டருக்குள் டீசலும் ஆயிலும் கலந்து ஊற்றி ஊற விட்டோம். தினமும் காலையில் வந்ததும் முதல் வேலை, ஸ்பேனரைப் பிடித்து ஆட்டிப் பார்ப்பது. ஒன்றும் நடக்காது. மறுபடி ஊற்றுவோம்.

சிதம்பரம் மார்க்கெட்டுக்குப் போகும்போதெல்லாம் அக்கா திரும்பும்போது கடலூர் பஸ் பிடித்து இங்கே இறங்கிவிடுவார். அப்படி ஒருநாள் வந்து உட்கார்ந்திருந்தபோதுதான், ஏன் இந்த வண்டி மேல் இவ்வளவு பிடிவாதம் என்று கேட்டேன். பண்ருட்டிப் பக்கம் பலாத்தோப்பு குத்தகைக்கு எடுக்கிறவர் அவர். போன சீசனில் ஒரு வாடகை வண்டிக்காரன், நடுவழியில் வேறு நல்ல சவாரி வந்தது என்று வடலூரில் அத்தனை பழத்தையும் ரோட்டோரம் இறக்கிவிட்டுப் போய்விட்டான். வெயிலில் ஒவ்வொரு பழமாக வெடித்து நாறியதை, பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். "ஈ மொய்க்குது தம்பி. வெரட்டக்கூட கை வரல" என்றார். நான் எழுந்து போய் ஸ்பேனரில் சாய்ந்தேன். உள்ளே 'டொக்' என்று ஒரு சத்தம். ஸ்பேனர் விரல் அகலம் நகர்ந்திருந்தது!

நான் போட்ட கூச்சலில் எதிர் டீக்கடைக்காரர் கரண்டியோடு ஓடிவந்தார். பாபு என்னைக் கட்டிக்கொண்டான். அக்கா மட்டும் நிதானமாக எழுந்து வந்து அந்த ஸ்பேனரைத் தொட்டுப் பார்த்தார். "அசைஞ்சிடுச்சில்ல? அப்ப உசுரு இருக்கு. நீ மத்தத பாரு."

தண்ணீர் இறைத்த என்ஜின்

சந்தோஷம் ஒரு வாரம்கூட நீடிக்கவில்லை. என்ஜினைப் பிரித்து, அதன் மேல்மூடியான ஹெட்டை லேத்துக்குக் கொண்டுபோனோம். துடைத்துப் பார்த்த லேத்காரர் தலையை ஆட்டினார். இரண்டு வால்வுக்கு நடுவில் முடி மாதிரி ஒரு விரிசல். அதை வைத்து ஓட்டினால் தண்ணீரும் ஆயிலும் ஒன்றாகிவிடும். புது ஹெட் இந்த மாடலுக்கு வருவதில்லை. விழுப்புரம், புதுச்சேரி, சிதம்பரம் என்று பழைய பார்ட்ஸ் கடைகளெல்லாம் ஏறி இறங்கினோம். எங்கே போனாலும் "அந்த வண்டியா, இன்னுமா இருக்கு?" என்பதுதான் பதில். அதற்குள் தோப்புகளில் பிஞ்சு திரண்டு காய் ஆகிவிட்டிருந்தது. அக்காவிடம் எப்படிச் சொல்வது என்று மனசுக்குள் வாக்கியம் கோத்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் லேத்துக்கு வந்த ஒருவர் போகிறபோக்கில் சொன்னார், கம்மாபுரத்தில் ஒரு வயதான விவசாயி இதே என்ஜினைப் பம்போடு மாட்டித் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார் என்று. பைக்கை எடுத்துக்கொண்டு பறந்தோம். கரண்ட் மோட்டார் வந்த பிறகு அந்த என்ஜினைக் கொட்டகையில் சாக்கு போட்டு மூடி வைத்திருந்தார். ஹெட்டைத் தட்டிப் பார்த்தேன். கோயில் மணி மாதிரி கணீர் என்றது. பாபு பெரியவரின் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. யாருக்கு, எதற்கு என்று விசாரித்த பெரியவர், பலாப்பழ வண்டிக்கு என்றதும் சிரித்துவிட்டார். "எடுத்துக்கினு போங்க. தண்ணி எறைச்சது போதும், கொஞ்சம் ஊரு சுத்திட்டு வரட்டும்."

நிற்க மறுத்தது

முதல் ஸ்டார்ட். அக்கா எலுமிச்சம்பழம் வாங்கி வந்திருந்தார். டீக்கடையில் பாதிப் பேர் எங்கள் ஷெட்டில் நின்றார்கள். டீசல் லைனில் இருந்த காற்றையெல்லாம் வெளியேற்றினோம். நான் சாவியைத் திருகினேன். 'கர்ர்' என்று இழுத்தது. வெள்ளைப் புகை. மறுபடி இழுத்தது. திடீரென்று ஒரு 'தடக்', இன்னொரு 'தடக்', பிறகு ஷெட்டின் தகரமெல்லாம் அதிர 'தடதடதட' என்று பிடித்துக்கொண்டது! என் கண்ணில் தண்ணீர். புகையால் என்று சொல்லிக்கொண்டேன்.

ஆனால் சத்தம் ஏறிக்கொண்டே போனது. பெடலில் நான் கால் வைக்கவே இல்லை; ஆக்சிலேட்டர் ஸ்பிரிங்கை மாட்ட மறந்திருக்கிறோம். சாவியை அணைத்தேன். இந்தப் பழைய டீசல் என்ஜின் சாவிக்கெல்லாம் நிற்காது. ஸ்டாப் கேபிளை இழுக்க வேண்டும். இழுத்தேன். கேபிள் முழுசாக என் கையோடு வந்தது, மறுமுனையையும் மாட்டவில்லை. டீசல் பம்பில் இருக்கிற லிவரைக் கையால் தள்ளினாலே போதும். அந்தப் பதற்றத்தில் அது எனக்குத் தோன்றினால்தானே! கூட்டம் ரோட்டுக்கு ஓடியது. பாபுதான் டீக்கடை பெஞ்சிலிருந்து ஒரு பலகையைப் பிடுங்கி வந்து, என்ஜினுக்குள் காற்று போகிற வாயில் வைத்து அழுத்தினான். என்ஜின் இரண்டு உலுக்கு உலுக்கி அடங்கியது. அந்த அமைதியில் எலுமிச்சம்பழத்தோடு தூணுக்குப் பின்னாலிருந்து வந்தார் அக்கா. "இத்தினி நாளா ஓடலன்னு அழுதீங்க, இப்ப நிக்கலன்னு அழுவுறீங்க. உங்களுக்கு என்னாதாண்டா வேணும்?"

இடது பக்கம் மழை

பாபு வயரிங்கை முழுக்க மாற்றிவிட்டு, கை தட்டி எல்லோரையும் கூப்பிட்டான். இடது இண்டிகேட்டரைப் போட்டான். வைப்பர் ஆடியது. வலது இண்டிகேட்டரைப் போட்டான். ஹாரன் மெதுவாக முனகியது. பிரேக்கை மிதித்ததும் உள்ளே விளக்கு எரிந்தது. எர்த் வயர் ஒன்று பெயின்ட் மேல் உட்கார்ந்திருந்ததுதான் காரணம். சுரண்டி இறுக்கியதும் எல்லாம் ஒழுங்காகிவிட்டது. ஆனால் அதைக் கண்டுபிடிப்பதற்கு முன்னால் அவன் முகத்தில் கொஞ்சமும் அசைவு இல்லாமல் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது: "லெஃப்ட்ல திரும்புறப்ப மழ பெஞ்சா என்னா பண்ணுவ மாமா? அதான் சேத்து வச்சிருக்கேன்."

சாம்பிள்

ஆர்.சி.யில் நிறம் மஞ்சள் என்று இருந்தது. எந்த மஞ்சள் என்று இல்லை. அக்காவுக்கு அதில் சந்தேகமே கிடையாது. முதல் பழம் வந்த அன்று ஒரு டிபன் பாக்ஸில் சுளைகளோடு வந்தார். "எலுமிச்ச மஞ்ச வேணாம், ஸ்கூல் பஸ் மஞ்ச வேணாம். இந்த மஞ்ச."

பெயின்டரிடம் டிபன் பாக்ஸைக் கொடுத்து விளக்கமாகச் சொல்லிவிட்டு, பார்ட்ஸ் வாங்கப் போனேன். திரும்பி வந்தால் டப்பாவில் கொட்டை மட்டும் இருக்கிறது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பெயின்டர் பதறவே இல்லை. தகரத்துண்டு ஒன்றில் அடித்துக் காய வைத்திருந்த மஞ்சளை எடுத்து நீட்டினார். அச்சு அசல் சுளை; உள்ளே லேசாகச் சிவப்போடிய, தேன் ஊறிய மஞ்சள். நான் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "பாத்து மட்டும் அடிச்சா இந்த கலரு வராதுங்க."

மூக்கு சொன்ன சாட்சி

பிரேக் வேலைக்கு இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் பெடலை மிதிக்க, இன்னொருவர் சக்கரத்துக்குக் கீழே படுத்து நிப்பிள் என்கிற சின்னத் திருகைத் திறந்து, பிரேக் ஆயிலில் இருக்கிற காற்றை வெளியேற்ற வேண்டும். பாபு ஊரில் இல்லை. அக்காவே புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். "அமுக்குங்க... புடிங்க... வுடுங்க" என்று கீழே நான் கத்த, மேலே அவர் பஸ் கண்டக்டர் மாதிரி "ரைட்டு" சொல்லிக்கொண்டே மிதித்தார். சாயங்காலம் பெடல் கல் மாதிரி நின்றது.

வண்டி ரோட்டுக்குத் தகுதி என்கிற எஃப்.சி. சான்றிதழ் எடுக்கப் போன அன்று, காலையிலிருந்து எல்லா லைட்டையும் நான்கு முறை போட்டுப் பார்த்துவிட்டேன். அதில் தேறாவிட்டால் ரோட்டில் இறங்க முடியாது. தோப்பில் பழம் வெட்ட ஆள் சொல்லியாகிவிட்டது. இன்ஸ்பெக்டர் லைட், ஹாரன், இண்டிகேட்டர் எல்லாம் பார்த்தார். வைப்பர் அதன் வேலையை மட்டும் செய்தது. பிறகு அவரே ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார், நான் பக்கத்தில். மைதானத்தில் வேகமாக ஒரு சுற்று வந்தவர், சொல்லாமல் கொள்ளாமல் பிரேக்கை மிதித்தார். வண்டி ஆணி அடித்தாற்போல் நேராக நின்றது. நான் நிற்கவில்லை, என் மூக்கு டேஷ்போர்டில் போய் மோதியது. "சார், பிரேக் எப்படி சார்?" என்று மூக்கைப் பிடித்துக்கொண்டே கேட்டேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "அதத்தான் உங்க மூக்கு சொல்லுதே. ஓகே பண்ணிடுறேன்."

வெள்ளாற்றுப் பாலம்

முதல் லோடு. பண்ருட்டியில் விடியும்போதே பழம் ஏற்றிக்கொண்டு, என்னை ஏற்றிக்கொள்வதற்காகவே அக்கா தானே ஓட்டிக்கொண்டு கடலூர் வழியாக வந்தார். வழியில் ஏதாவது ஆனால் மெக்கானிக் பக்கத்தில் இருக்கட்டுமாம். டூல்ஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பின்னால் பலாப்பழம் கூரை உயரத்துக்கு. வாசனை தாங்க முடியவில்லை. ஆலப்பாக்கம் தாண்டும் வரைக்கும் நான் ரோட்டையே பார்க்கவில்லை. ஒவ்வொரு சத்தத்துக்கும் காது கொடுத்து, டெம்பரேச்சர் முள்ளையே முறைத்துக்கொண்டிருந்தேன். அது அசையாமல் நடுவில் நின்றது. புதுச்சத்திரம் வந்ததும் எனக்கே தைரியம் வந்து, டூல்ஸ் பெட்டியைக் கீழே வைத்தேன்.

பி.முட்லூர் தாண்டி வெள்ளாற்றுப் பாலத்தில் ஏறும்போது கியர் மாற்றினார். கியர் ராடின் குமிழ் அவர் கையோடு வந்துவிட்டது! முன்னால் லாரி, பின்னால் பஸ் ஹாரன். டூல்ஸ் பெட்டியை மறுபடி தூக்கி மடியில் வைத்தேன். அக்கா ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் "இந்தா, இத வச்சிக்க" என்று குமிழை என் கையில் திணித்துவிட்டு, வெறும் கம்பியைப் பிடித்து அடுத்த கியரைப் போட்டார். வண்டி முழு லோடோடு பாலத்தில் ஏறியது. கீழே ஆறு வெயிலில் மின்னியது. நான் ஏனென்று தெரியாமல் விசிலடித்தேன். அக்காவும் ஹாரனை அடித்து நொறுக்கினார்.

சிதம்பரம் மார்க்கெட்டில் மற்ற வியாபாரிகளின் வண்டி வருவதற்கு முன்னாலேயே போய் நின்றோம். ஒரு பழம்கூட வெடிக்கவில்லை. எல்லாம் இறக்கிய பிறகு அக்கா முன்பக்கம் வந்து, சூடாக இருந்த பானெட்டில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் பளபளவென்று ஒரு வேனை நிறுத்தியிருந்த டிரைவர் இறங்கி வந்து, எங்கள் வண்டியை மேலும் கீழும் பார்த்தார். "இது எந்த மாடல்க்கா? புதுசா வந்திருக்கா?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டார். "எனக்கு புதுசுதாம்பா. இனிமே எவன்கிட்டயும் போனப் போட்டு எப்ப வருவ, எப்ப வருவன்னு கெஞ்ச வேணாம் பாரு."

நண்பர்களே, பழைய வண்டியைச் சரிசெய்து அனுப்பிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள், அது நன்றாக ஓடுகிறது என்று சொல்வதற்காகவே அமுதா அக்கா எனக்குத் தினமும் போன் செய்கிறார்.