நனையாத முழங்கால்

என் அப்பாவின் கல்லறைக்கு இடது பக்கம் ஒரு ஆள் படுக்கிற அளவுக்கு இடம் காலியாகக் கிடக்கிறது. அது என் அம்மாவின் இடம். அப்பாவை அடக்கம் செய்த அன்றே, கண்ணீரைத் துடைத்துக்கொண்டே எங்கள் கத்தோலிக்கக் கோயிலின் பங்குப் பேரவைக்காரர்களிடம் கேட்டு வாங்கிவிட்டாள். உயிரோடு இருக்கையில் ஒரு சென்ட் நிலம் வாங்க வக்கில்லாத குடும்பம் எங்களுடையது. அதனால் அந்த ஒரு துண்டு மண் மேல் அம்மாவுக்கு அப்படி ஒரு பிடிப்பு. கல்லறைத் திருநாளுக்கு அப்பா தலைமாட்டில் மெழுகுவர்த்தி ஏற்றியதும், தன் பக்கத்தில் முளைத்திருக்கும் புல்லையும் பிடுங்கிப் போடுவாள். "என்ற எடத்துல ஆரும் கைய வெச்சறக் கூடாது கண்ணு, பாத்துக்க" என்பாள். பக்கத்துக் கல்லறைக்கு வந்தவர்கள் சிரிப்பார்கள். அவள் சிரிக்க மாட்டாள்.

அந்த இடத்துக்கு வில்லங்கம் வந்தது அவளுடைய இடது முழங்காலால்தான்.

விசைத்தறிக்கு முன்னால் நின்று நின்றே தேய்ந்த கால் அது. ஒரு கட்டத்தில் மடங்குவதையே நிறுத்திக்கொண்டது. ஆபரேஷன் என்ற சொல்லைக் கேட்டதும் அம்மா ஆஸ்பத்திரியை விட்டு வெளியே வந்துவிட்டாள். கோயிலுக்குப் போவது குறைந்தது, பிறகு நின்றே போனது. எங்கள் பங்கில் ஒருவர் பூசைக்கு வராவிட்டால் எல்லோரும் கவலைப்படுவார்கள். அவர் வீட்டுக்குப் போய் ஏன் என்று கேட்பது மட்டும் வழக்கமில்லை. பூசையில் கொடுக்கிற அப்பத்தை, அந்த நன்மையை, வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுக்க முடியுமா என்று நான் போய்க் கேட்டேன். "பார்க்கலாம்" என்றார்கள். பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

அந்த நேரத்தில்தான் பாஸ்டர் வந்தார். பைபாஸைத் தாண்டி தகரக் கூரை போட்ட ஜெபவீடு ஒன்று இருக்கிறது, அதன் பாஸ்டர். பக்கத்து வீட்டு அக்கா அழைத்துவந்தார். அந்தக் காலத்தில் திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் வடநாடு முழுக்கச் சுற்றி போர்வெல் போட்ட மனிதர். எவ்வளவு ஆழம், எவ்வளவு தண்ணீர் என்றே பாதி ஆயுளைக் கழித்தவர் என்பதால், பின்னால் வரப்போகும் விவகாரத்தில் அவ்வளவு கறாராக இருந்ததில் ஆச்சரியமில்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் வருவார். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அம்மாவின் முழங்காலில் எண்ணெய் தடவி ஜெபிப்பார். ஜெபிக்கும்போது குரல் உடைந்து அழுவார், எங்கள் தறிச் சத்தத்தையும் மீறிக் கேட்கும். எனக்கு எரிச்சலாக வரும். அம்மாவுக்கோ ஜெபத்தைவிட அந்த அழுகைதான் பிடித்திருந்தது. தன் காலுக்காக ஒரு ஆம்பளை அழுது அவள் பார்த்ததே இல்லை. அப்பாகூட அழுததில்லை.

கொஞ்ச நாள் போனதும் பாஸ்டர் மெல்ல ஆரம்பித்தார். "அம்மா, நீங்க இன்னும் ஞானஸ்நானம் எடுக்கலைங்களே?"

"எடுத்தாச்சுங்களே. கைக்கொழந்தையிலயே தலையில தண்ணி ஊத்தீட்டாங்க" என்றாள் அம்மா.

"அது ஊத்துனதுங்கம்மா. முழுகி எந்திரிச்சாத்தான் ஞானஸ்நானம். உங்க கோயில்லயே அதுக்குத் திருமுழுக்குன்னுதானுங்க பேரு? பேரு வெக்கறது முழுக்கு, செய்யறது ஒரு சொம்புத் தண்ணி."

என்னால் பொறுக்க முடியவில்லை. "தண்ணியோட அளவுலதான் மோட்சம்னா, காவேரி மீனெல்லாம் இந்நேரம் அங்கதானுங்க இருக்கோணும்?" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "மீன் மனந்திரும்பாதுங்களே" என்றார். முழுகி எழுந்தால் கால் குணமாகும் என்று அவர் நேராகச் சொல்லவில்லை. கீழ்ப்படிந்தவர்களுக்குக் கர்த்தர் எதையும் தடுத்து வைக்க மாட்டார் என்றார். அம்மாவுக்கு அது போதும்.

இந்தச் செய்தி பங்குக்கு எப்படிப் போனதோ, மறுநாளே பேரவைச் செயலாளர் வாசலில் நின்றார். அப்பாவின் துக்கத்துக்கு வந்தவர், அதற்கப்புறம் இப்போதுதான் எங்கள் படி மிதிக்கிறார்.

"அட, வாங்க வாங்க. எங்க ஊடு இன்னும் நெனப்பிருக்குதுங்களா?" என்றாள் அம்மா.

அவர் உட்காரக்கூட இல்லை. "ஏனுங்கம்மா, ஆத்துல போய் முழுகறீங்கன்னு கேள்விப்பட்டேன். உங்க இஷ்டமுங்க. ஆனா முழுகீட்டீங்கன்னா கல்லறைத் தோட்டத்துல எடமில்லீங்க. இது பேரவையில முன்னமே முடிவு பண்ணுனது."

அம்மாவின் முகம் செத்துவிட்டது. "எங்கூட்டுக்காரரு பக்கத்துல எனக்கு எடம் கெடக்குதுங்களே?"

"அது கத்தோலிக்கருக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சரி, அந்தப் பக்கம் என்ன வசதி என்று பாஸ்டரிடம் கேட்டேன். "ஏனுங்க, உங்க சபையில செத்தா எங்க பொதைப்பீங்க?" கொஞ்சமும் தயங்காமல் பதில் வந்தது. "வருகை சமீபமுங்க. கர்த்தர் வந்துருவாரு. நாம சாக வேண்டிய வேலையே இருக்காது." மேலே பார்த்தபடியே சொன்னார். கல்லறை இல்லாத குறையை இதைவிட அழகாக யாரும் மறைக்க முடியாது.

இரண்டு ராத்திரி அம்மா தூங்கவில்லை. எனக்குக் கோபம் கோபமாக வந்தது. எவ்வளவு தண்ணீர் என்று இரண்டு கூட்டமும் அடித்துக்கொள்வதற்கு, நடுவில் என் அம்மாதானா கிடைத்தாள்? ஆனால் அவளுக்கு அவள் கணக்கு இருந்தது. காலையில் சொன்னாள்: "நான் முழுகிக்கறேன் கண்ணு. காலு சரியாயிருச்சுன்னா நானே நடந்து போயி, நம்ம கோயில் சாமியார் கால்ல உழுந்து எடத்தைக் கேட்டு வாங்கிக்கறேன். கால்ல உழுகறதுக்கும் காலு வேணுமில்ல?"

எங்கள் ஊரிலேயே காவிரி ஓடுகிறது. ஆனால் சாயப்பட்டறைத் தண்ணீர் கலக்கிற இடத்தில் வெள்ளைச் சேலையோடு முழுகினால் எந்த நிறத்தில் எழுவோம் என்று சொல்ல முடியாது. அதனால் சபையாரோடு வேன் பிடித்து ஜேடர்பாளையம் போனோம். தடுப்பணையைப் பார்க்க வந்த கூட்டம், மீன் வறுவல் கடைகள், குளிக்கிற பிள்ளைகளின் கூச்சல். அதற்கு நடுவே வெள்ளை வெளேரென்று இறங்கிய எங்களைப் பார்த்து, துவைத்துக்கொண்டிருந்த ஒரு விவசாயி துணியைக் கீழே வைத்தார். "ஏனுங்க, ஆருக்குக் கருமாதி?" என்று அக்கறையாக விசாரித்தார். கருமாதி இல்லை, ஞானஸ்நானம் என்றேன். "செரி செரி, நடத்துங்க" என்று கல்லில் உட்கார்ந்துகொண்டார். வேடிக்கை பார்க்க அவருக்கு அதைவிட நல்ல இடம் கிடைத்திருக்காது.

தண்ணீர் இடுப்பளவுதான். முழுக வந்த மற்றவர்கள் எல்லாம் முழங்காலை மடக்கி, பின்னால் சாய்ந்து, முழுகி, அல்லேலூயா என்று எழுந்தார்கள். அம்மாவின் முறை வந்தது. பாஸ்டர் ஒரு பக்கமும் ஒரு விசுவாசி மறுபக்கமும் பிடித்துச் சாய்த்தார்கள். அவள் சாய்ந்தாள். இடது கால் மடங்காமல் விறைப்பாக மேலே கிளம்பி வந்தது. சேலையோடு முழங்கால் மட்டும் தண்ணீருக்கு மேல் நின்றது. விசுவாசி காலை அழுத்தினார், தலை மேலே வந்தது. பாஸ்டர் தலையை அழுத்தினார், கால் மேலே வந்தது. நான் கரையில் நின்று வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அடுத்த நிமிடமே அம்மா இருமுவது கேட்டது.

"உடுங்க! ஆளை உடுங்க!" என்று கத்திக்கொண்டே தண்ணீரில் இறங்கினேன்.

"ஏனுங்க, அந்தக் காலை உட்டுத்தொலைங்க, ஆத்தாளுக்கு மூச்சு முட்டுது!" என்று கல்லில் இருந்த விவசாயியும் கத்தினார்.

விட்டார்கள். பாஸ்டர் கையை உயர்த்தி அல்லேலூயா என்றார். சபையும் சொன்னது. ஒரு பையன் எல்லாவற்றையும் செல்போனில் பிடித்துக்கொண்டிருந்தான். அம்மா துண்டைப் போர்த்திக்கொண்டு மீன் கடையில் உட்கார்ந்தாள். "எப்படிம்மா இருக்குது?" என்று கேட்டேன். "தண்ணி சில்லுன்னு நல்லாத்தான் இருந்துச்சு. காலுக்கு மட்டும் ஒண்ணும் படலை" என்றாள்.

கால் குணமாகவில்லை. மாதம் ஓடியது, வலிதான் கூடியது. பாஸ்டர் காரணம் கண்டுபிடித்துவிட்டார். "அம்மா, முழங்கால் முழுகவே இல்லீங்களே. மோட்டாரை எறக்காம தண்ணி வரலைன்னா எப்படிங்க? இன்னொருக்கா போயி முழுசா முழுகீரலாம்." அம்மா யோசித்துச் சொல்வதாகச் சொன்னாள். இத்தனைக்கும் மற்ற உடம்பு முழுவதும் முழுகியதே, அதில் எந்த வலியும் குறைந்த மாதிரி தெரியவில்லை.

இதற்குள் அந்த வீடியோ எங்கள் தெருக் கத்தோலிக்கக் குடும்பங்கள் சேர்ந்த அன்பியத்தின் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்து சேர்ந்துவிட்டது. ஞாயிறு பூசை முடிந்ததும் அம்மாவைப் பங்கு மண்டபத்துக்குக் கூப்பிட்டார்கள். ஆட்டோவில் அழைத்துப் போனேன். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள். கால் நீட்டியபடியே பேரவையை நோக்கி இருந்தது. புதிதாக வந்த இளம் சாமியார் நடுவில், சுற்றிலும் பேரவைக்காரர்கள். செயலாளர் தன் போனில் வீடியோவைப் போட்டார். எல்லோரும் தலையை நீட்டினார்கள்.

"இது முழுக்குத்தாங்க. சந்தேகமே இல்லை" என்றார் செயலாளர்.

ரிட்டயர்டு வாத்தியார் ஒருவர் மறுத்தார். "அது எப்படிங்க? அவங்க சட்டப்படி முழு உடம்பும் முழுகோணும். இங்க பாருங்க, முழங்கால் வெளிய. அப்ப இது செல்லாது. செல்லாத ஞானஸ்நானத்துக்கு நாம எப்படித் தண்டனை கொடுக்கறது?"

அவ்வளவுதான், பிடித்துக்கொண்டார்கள். நிறுத்தி, திரும்ப ஓட்டி, இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கி என் அம்மாவின் முழங்காலை ஆராய்ந்தார்கள். சேலை நனைந்திருக்கிறது, ஆனால் மேலிருந்து நனைந்ததா, தெறித்து நனைந்ததா என்று ஒருவர் கேட்டார். அந்தக் காலை அவ்வளவு கவனமாக எந்த டாக்டரும் பார்த்ததில்லை. கால் அவர்களுக்கு முன்னாலேயே நீட்டிக்கொண்டிருந்தது. அதை ஒருவரும் பார்க்கவில்லை.

அம்மாவுக்கு அலுத்துவிட்டது. தறிக்காரி குரலில் சத்தமாகக் கேட்டாள். "ஏனுங்க, முழுகாத அந்த முழங்காலு இன்னும் நம்ம கோயிலுதானுங்க. அதையாச்சும் எங்கூட்டுக்காரரு பக்கத்துல பொதைப்பீங்களா?"

வாத்தியார் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். செயலாளருக்கு முகம் சிவந்தது. "சிரிக்கிற காரியமில்லீங்க" என்று சாமியாரின் காதில் ஏதோ சொன்னார். சாமியார் தொண்டையைச் செருமினார்.

"அம்மா, இடம் உங்களுக்குத் தரலாம். ஒரு வழிமுறை இருக்கு. பீடத்துக்கு முன்னாடி முழந்தாளிட்டு மன்னிப்புக் கேட்கணும். விசுவாசப் பிரமாணம் சொல்லணும். நான் தீர்த்தம் தெளிச்சு உங்களைத் திரும்ப ஏத்துக்கறேன். அவ்வளவுதான்."

அம்மா அவரைப் பார்த்தாள். பிறகு தன் காலைப் பார்த்தாள். சேலையைக் கொஞ்சம் மேலே தூக்கி, வீங்கிப்போன முழங்காலை எல்லோருக்கும் தெரியும்படி வைத்தாள்.

"ஏஞ்சாமி, இது மடங்குனா நான் ஆத்துக்கு எதுக்குப் போறேன்?"

செயலாளர் போனை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டார். சாமியார் வெகுநேரம் அந்தக் காலையே பார்த்தார். பிறகு, உட்கார்ந்தபடியே சொல்லச் சொன்னார். விசுவசிக்கிறேன் என்று தொடங்குகிற விசுவாசப் பிரமாணத்தை அம்மா பிசகாமல் சொன்னாள். சரீரம் உயிர்த்தெழும் என்கிற இடம் வந்ததும் முழங்காலை ஒரு தட்டுத் தட்டிக்கொண்டாள். தீர்த்தம் தெளித்தார்கள். நெற்றியில் நாலு சொட்டு விழுந்தது. துடைத்துக்கொண்டே, "அந்த எடம் எனக்குத்தானுங்களே சாமி?" என்று இன்னொரு முறை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டுதான் எழுந்தாள். வெளியே வரும்போது செயலாளர் என்னிடம், இனிமேல் மாதாமாதம் வீட்டுக்கே நன்மை கொண்டுவர ஏற்பாடு செய்வதாகச் சொன்னார்.

இடம் பத்திரமாக இருக்கிறது. போன கல்லறைத் திருநாளுக்கு அங்கே புல் பிடுங்கியது நான்தான். நன்மை இன்னும் வரவில்லை. பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

போன வெள்ளிக்கிழமை வாசலில் செருப்புக் கழற்றும் சத்தம் கேட்டது. பாஸ்டர்தான், கையில் எண்ணெய் பாட்டிலோடு. மண்டபத்தில் நடந்ததெல்லாம் அவருக்கும் தெரிந்திருக்கும். கதவைத் திறக்காமல் அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். "இவரை உள்ள உட்டா, எடத்துக்கு மறுபடியும் வெனை வரும்மா" என்றேன்.

"செத்தாத்தானே அந்த எடம்?" என்றாள் அம்மா. "கதவைத் தொற கண்ணு. காலைப் பாக்க ஆளு வந்துருக்குது."