ஆலமரத்தில் ஐந்து மூட்டை

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன். இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் கிடையாது. ஒரே ஒரு கறவை மாட்டில் ஆரம்பித்துப் பதினொரு மாடு கட்டியவன், யாரிடமும் போய் நிற்காமல். செங்கம் சாலையில் ஆசிரமத்துப் பக்கம் இருக்கும் காபிக் கடைகளில் பாதிக்கு என் கொட்டகைப் பால்தான் போகிறது. ஒரு வெள்ளைக்காரர் என்னையும் என் மாட்டையும் சேர்த்துப் படம் எடுத்து, அதைக் கடைச் சுவரில் மாட்டவும் செய்தார். இதையெல்லாம் ஆயிரம் பேரிடம் சொல்லியிருக்கிறேன். சொல்லாமல் வைத்திருந்த ஒன்றைத்தான் இப்போது எழுதுகிறேன். எழுதிப் பழக்கமில்லை. பேசுகிற மாதிரிதான் வரும்.

எங்கள் ஊர் ஏரிக்கரையில், பஸ் நிற்கிற இடத்தில் ஒரு ஆலமரம் இருக்கிறது. மாடு கன்று போட்டால், பின்னால் விழுகிற நஞ்சுக்கொடியைச் சுருட்டி அந்த மரத்தில் கட்டுவது வழக்கம். பால் வடிகிற மரத்தில் கட்டினால் மாட்டுக்கும் பால் வற்றாது என்று நம்பிக்கை. மற்றவர்கள் கையில் கிடைத்த கந்தலில் கட்டுவார்கள். நான் நீலக்கோடு போட்ட தீவனச் சாக்கில் கட்டுவேன். அந்தத் தீவனத்தை எங்கள் ஊரில் வாங்குகிறவன் நான் ஒருவன்தான். பஸ்ஸுக்கு நிற்கிற ஜனம் அண்ணாந்து பார்த்து, "பெரியவரு கொட்டாயில இன்னொரு கன்னு விழுந்துகீது" என்று பேச வேண்டும். அதற்குத்தான் அந்தச் சாக்கு.

கன்று மாசம் நிறையாமல் செத்து விழுந்தால் மாடு 'வீசிவிட்டது' என்போம். வீசிய மாட்டின் கொடியை மரத்தில் கட்ட மாட்டோம். யார் கண்ணிலும் படாமல் புதைத்துவிடுவோம்.

அந்த வருஷம் ஐப்பசியில் சந்தையில் ஒரே நாளில் மூன்று சினை மாடு பிடித்தேன். மாட்டைப் பார்க்கிற கண் எனக்கு இருக்கிறது என்று ஊர் திரும்பும்வரை என்னை நானே மெச்சிக்கொண்டு வந்தேன். அதில் ஒன்று கார்த்திகை தீபத்துக்கு நாலு நாள் முன்னால் வீசியது.

கை வைத்தது நான் இல்லை. என் கொட்டகையில் பால் கறக்கிற பெண். எங்கள் தெருக்காரி, நாற்பது வயது இருக்கும். அவள்தான் செத்த கன்றை வெறுங்கையால் இழுத்தாள், கொடியை வாரி எடுத்தாள். முழங்கைவரை ரத்தத்தோடு வந்து நின்று கேட்டாள்.

"மாமா, மாட்டு டாக்டரக் கூப்டலாமா?"

"கூப்ட்டா இன்னா ஆவும்? பெரியவரு கொட்டாயில சீக்குனு ஊரெல்லாம் பேசும். காப்பிக் கடைக்காரன் நாளைக்கே பால நிறுத்துவான். நீ நம்ம சாக்குல சுத்திக் கொண்டும்போயி மரத்துல கட்டு."

"வீசினதப் போயி மரத்துலயா?"

"கட்டலனாதான் கேப்பானுங்க, சினை மாடு புடிச்சாந்தாரே, கன்னு எங்கனு. கட்டிட்டா எவன் கேக்கறான்?"

"மூணாங்கிளாஸ் படிச்ச மூளையா மாமா இது" என்றாள். நான் அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

பொங்கல் கழித்து இரண்டாவது வீசியது. மாசியில் மூன்றாவது. அந்த இரண்டு தடவையும் அவள் எதுவும் கேட்கவில்லை. தானே சாக்கை எடுத்துக்கொண்டு போனாள்.

பங்குனியில் ஒரு டாக்டரம்மா வந்தார். சின்ன வயசு. மாட்டுக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டர் இல்லை. எந்த ஊரில், எந்த மாசத்தில், எந்த மாட்டிலிருந்து எந்த மாட்டுக்கு நோய் போகிறது என்று ஊர் ஊராகப் போய் ஆராய்ச்சி செய்கிறவர். கன்று வீச்சு நோயைத்தான் அவர் தேடிக்கொண்டு வந்திருந்தார். வீசிய கன்றிலும் கொடியிலும்தான் அந்தக் கிருமி ஜாஸ்தி, மனுஷருக்கும் ஒட்டும் என்றார். தோளில் ஐஸ் பெட்டி, கையில் கேள்வித்தாள் கட்டு.

"ஊசி போட மாட்டீங்க, மருந்து தர மாட்டீங்க. அப்புறம் இன்னா டாக்டரும்மா நீங்க?" என்றேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

அவரும் சிரித்தார். "கேள்வி கேக்கற டாக்டருங்கய்யா. பதில் சரியா வந்தாத்தான் என் வைத்தியம் பலிக்கும்."

அவர் வருவது எனக்கு முந்தின நாளே தெரியும். சந்தையில் பிடித்த மூன்று மாட்டையும் கிணற்று மேட்டில், கரும்புக்குப் பின்னால் கட்டிவிட்டேன். மிச்சம் எட்டும் என் கொட்டகையிலேயே பிறந்தவை, கன்றாக இருக்கும்போதே தடுப்பூசி போட்டவை. அவற்றைத்தான் காட்டினேன். டாக்டரம்மா ஒவ்வொன்றின் கழுத்திலும் ரத்தம் எடுத்து, குழாயில் ஊர்ப் பேரும் என் பேரும் எழுதினார். என் பேரைக் கொஞ்சம் பெரிசாக எழுதச் சொன்னேன்.

ஊரில் மற்றவர்கள் மாட்டுக்கும் ரத்தம் எடுத்துவிட்டுக் கிளம்புகிற நேரம் ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தி மரத்தைப் பார்த்தார். சாக்கு விஷயத்தை யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"நீலக்கோட்டுச் சாக்கெல்லாம் உங்களுதாங்கய்யா?"

"ஆமா, வேற யாருக்கு இவ்ளோ மாடு கீது?"

"அஞ்சு தொங்குது. கொட்டாயில ரெண்டு கன்னுதான பாத்தேன்?"

என் வாய் தடுமாறவில்லை. "மிச்சம் மூணும் காளைக்கன்னும்மா. வித்துட்டேன்."

அவர் அதைக் கேள்வித்தாளில் எழுதிக்கொண்டார். என் நரைத்த தலையைப் பார்த்து நம்பினார் என்று நினைக்கிறேன். புல்லுக்கட்டோடு நின்றிருந்த அந்தப் பெண் மரத்தையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை.

கொஞ்ச நாளில் டாக்டரம்மாவிடமிருந்து போன் வந்தது. உங்கள் ஊரில் நோய் இல்லை என்றார். அன்றைக்குக் கடைத்தெரு முழுக்க அதைச் சொல்லிக்கொண்டு நடந்தேன்.

சித்திரையில் பால் கறக்கிறவளுக்குக் காய்ச்சல் கண்டது. சாயந்திரம் ஏறும், வியர்த்துக் கொட்டும், காலையில் விட்டுவிடும். இடுப்பு வலி வேறு. பக்கத்து கிளினிக்கில் டைபாய்டு என்று மாத்திரை கொடுத்தார்கள், நிற்கவில்லை. நானே அவளை பைக்கில் உட்காரவைத்து டவுன் ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு போனேன். வேலைக்காரிக்கு இப்படி யார் செய்வார்கள் என்று தெரு பார்க்கட்டும் என்று மெதுவாகத்தான் ஓட்டினேன்.

ஆஸ்பத்திரி டாக்டர் நல்ல டாக்டர். நாடி பிடித்துக்கொண்டே அவளைக் கேட்டார்.

"மாட்டோட வேலை செய்யறீங்களா? மாடு எதுனா கன்னு வீசுச்சா?"

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பதில் அவள் வாயில் வந்து நின்றது எனக்குத் தெரிந்தது. அது வெளியே வருவதற்குள் நான் சொன்னேன்.

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல சார். ஆராய்ச்சி டாக்டரே வந்து ரத்தம் எடுத்துப் பாத்துட்டாங்க. எங்க ஊரு சுத்தம்னு சொல்லிட்டாங்க."

சீட்டில் எழுதியிருந்த ஒரு வரியை டாக்டர் அடித்தார். அது என்ன வரி என்று படிக்க எனக்கு இங்கிலீஷ் தெரியாது. அடித்தது தெரிந்தது.

திரும்பும்போது பின்னாலிருந்து கேட்டாள். "அவரு கேட்டது நம்ம மாட்டத்தான மாமா?"

"பேசாம வா. வண்டி ஓட்டும்போது பேசினா கவனம் தப்புது" என்றேன்.

அன்றைக்கே சொல்லியிருந்தால் அன்றைக்கே அவளுக்கு மருந்து ஆரம்பித்திருப்பார்கள். சித்திரை போய், வைகாசியும் போனது. அவள் காய்ச்சலோடுதான் வந்து கறந்தாள்.

ஆனியில் டாக்டரம்மா மறுபடி வந்தார். சுற்றுவட்டாரத்தில் எல்லா ஊரிலும் நோய் இருக்கிறதாம், நடுவில் எங்கள் ஊர் மட்டும் எப்படித் தப்பித்தது என்று அவருக்குப் புரியவில்லையாம்.

"நீங்க வேற எதோ சரியா செய்யறீங்கய்யா. அத உங்ககிட்ட கத்துக்கலாம்னு வந்தேன்" என்றார். வேங்கிக்காலில் மாடு வளர்க்கிறவர்களுக்கு ஒரு கூட்டம் வைத்திருந்தார். அதில் நான் பேச வேண்டுமாம்.

மறுத்திருக்கலாம். உடம்பு சரியில்லை என்றாவது சொல்லியிருக்கலாம். நான் வெள்ளை வேட்டியை இஸ்திரி போடக் கொடுத்தேன்.

மேடையில் சால்வை போர்த்தினார்கள். பேசினேன், நன்றாகவே பேசினேன். படிச்சவன் புத்தகத்தில் பார்ப்பதை நான் மாட்டின் கண்ணில் பார்ப்பேன் என்றேன். சந்தையில் ஏமாறக் கூடாது, கொட்டகை சுத்தமாக இருக்க வேண்டும், கை சுத்தமாக இருக்க வேண்டும் என்றேன். கை தட்டினார்கள். டாக்டரம்மா முதல் வரிசையில் உட்கார்ந்து நான் சொன்னதையெல்லாம் நோட்டில் குறித்துக்கொண்டிருந்தார். என் பொய்யைத்தான் அவர் எழுதுகிறார் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் நிறுத்தவில்லை.

சால்வையோடு கொட்டகைக்குள் நுழைந்தேன். சாயந்திரக் கறவை முடிந்திருந்தது. அவள் மாட்டின் பக்கத்தில் குந்தியபடியே இருந்தாள், எழுந்திருக்கவில்லை.

"நல்லாப் பேசினீங்களாமே மாமா. என் கொழுந்தன் கேட்டுட்டு வந்து சொன்னான்."

"இன்னா சொன்னான்?"

"கை சுத்தமா இருக்கணும்னு சொன்னீங்களாம்." அவள் குரலில் குத்தல் இருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. "இடுப்பு புடிச்சிக்கிச்சு. கொஞ்சம் கை குடுங்க, எழுந்துக்கறேன்."

கை கொடுத்தேன். அவள் கை அனலாகக் கொதித்தது. 'இந்தக் கையால ஒழச்சு வந்தவன்' என்று நாற்பது வருஷமாக நான் ஊருக்குக் காட்டுகிற கை என்னுடையது. மூன்று செத்த கன்றையும் இழுத்தது அவளுடைய இந்தக் கை. எழுந்து நின்றதும் அவள் பால் குடத்தைத் தூக்கப் போனாள். நான் வாங்கிக்கொண்டேன். சால்வை குடத்துக்குள் சரிந்துவிட, அந்தப் பால் முழுவதையும் கொட்ட வேண்டியதாயிற்று.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் வேங்கிக்காலில் இருக்கிற ஆராய்ச்சி ஆபீசுக்குப் போனேன். டாக்டரம்மா நாற்காலியைக் காட்டினார். நின்றுகொண்டே சொன்னேன். மூன்று மாடு, கரும்புத் தோட்டம், சாக்கு, ஆஸ்பத்திரி, எல்லாம்.

மாட்டைப் பற்றி முதலில் கேட்பார் என்று நினைத்தேன். அவர் கேட்டது வேறு.

"கன்னுல யாரு கை வச்சது?"

சொன்னேன்.

"அந்தம்மாவுக்கு எப்பலருந்து காய்ச்சல்?"

"சித்திரையிலருந்து."

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். திட்டியிருந்தால் எனக்குத் தெம்பாக இருந்திருக்கும். திட்டுக்குப் பதில் சொல்ல எனக்கு வரும். அவர் திட்டவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுப் பேசினார். பிறகுதான் மாடுகள் வீசிய தேதியைக் கேட்டார். எனக்குத் தேதி தெரியாது. தீபத்துக்கு நாலு நாள் முன்னே, பொங்கல் கழிந்த வாரம், மாசிப் பௌர்ணமிக்கு மறுநாள் என்று சொன்னேன். காலண்டரைப் புரட்டிப் புரட்டி எழுதிக்கொண்டார்.

"உங்க ஊர வச்சு நாலு பக்கம் எழுதிட்டேன்" என்றார் கடைசியில். "அத அடிச்சிடலாம், அது பெருசில்ல. உங்க பேச்சக் கேட்டுட்டுப் போனாங்களே, அவங்களதான் ஒவ்வொருத்தரா போயி பாக்கணும்."

அவள் ரத்தத்தில் அந்த நோய் இருந்தது. ஆறு வாரம் மாத்திரை சாப்பிட்டாள். காய்ச்சல் நின்றது. இடுப்பு வலி மட்டும் நிற்கவில்லை. சீக்கிரமே பார்த்திருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது என்று ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. சீட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

அவளிடம் போய் நடந்ததை ஒப்புக்கொண்டேன்.

"எனக்கு ஆஸ்பத்திரிலயே தெரியும் மாமா" என்றாள்.

"தெரிஞ்சுமா சொல்லாம இருந்த?"

"நீங்க எதுத்தாப்ல நின்னுக்கினு இருந்தீங்களே."

அதோடு அவள் என் கொட்டகைக்கு வருவதை விட்டுவிட்டாள். ஆசிரமத்துப் பக்கம் ஒரு விடுதியில் அறை கூட்டுகிற வேலைக்குப் போகிறாள். காபிக் கடைகளுக்கு நானே போய் விஷயத்தைச் சொன்னேன். இரண்டு கடை பாலை நிறுத்தியது. அந்தப் படம் இன்னும் சுவரில் இருக்கிறதா என்று நான் பார்க்கவில்லை.

மரத்திலிருந்து மூட்டைகளை இறக்கிச் சுண்ணாம்பு போட்டு ஆழமாகப் புதைக்கச் சொல்லி, டாக்டரம்மா ஒரு ஜோடி ரப்பர் உறையும் கொடுத்திருந்தார். ஆடியில் ஒரு காலை, ஏணியோடு போனேன். பஸ்ஸுக்கு ஜனம் நிற்கிற நேரம். யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துப் போகலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்படி ஒளித்துத்தான் இவ்வளவும் வந்தது.

"இன்னா பெரியவரே, கட்டினத அவுக்கற?" என்றார் கீரை விற்கப் போகிறவர்.

"வீசின மாட்டுது. மூணு வீசிடுச்சு. ஒளிச்சுட்டேன்."

கூட்டம் மரத்தை அண்ணாந்து பார்த்தது.

"எந்த மூணு?"

எல்லாமே காய்ந்து ஒரே மாதிரி தொங்கின. நீலக்கோடுகூட வெளுத்துப் போயிருந்தது. "எனக்கே தெரியல. அதான் அஞ்சையும் எறக்கறேன்" என்று சொல்லி முதல் மூட்டையில் கை வைத்தேன்.

பஸ் வந்து நின்றது. விடுதி வேலைக்குப் போகக் கூட்டத்தோடு ஏறப்போன அவள், ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, படியில் ஒரு காலை வைத்தபடி திரும்பினாள்.

"வெறுங்கையால தொடாதீங்க மாமா. உறைய மாட்டிக்கினு அவுங்க."

பஸ் போய்விட்டது. உறை என் வேட்டி மடியில்தான் இருந்தது. ஏணியிலிருந்து இறங்கி, எல்லோரும் பார்க்க, அதைக் கையில் மாட்டினேன்.