நான் கூட்டி வைத்த பெட்ரோல்

காரின் கம்ப்யூட்டரில் பெட்ரோல் அளவைத் திருத்திக் கொடுப்பது என் பிழைப்பு. ராஜபாளையத்தில், பேண்டேஜ் துணி நெய்யும் தறிக்கூடத்தை ஒட்டி என் பட்டறை. கார் திணறுகிறது என்று யார் வந்தாலும் லேப்டாப்பைத் திறக்கும் முன் ஒன்றைச் சொல்லிவிடுவேன். காலையில் ஒரு அளவு, மத்தியானம் ஒரு அளவு என்று காட்டினால் அது கம்ப்யூட்டர் கணக்கின் கோளாறு இல்லை, ஏதோ ஒரு பாகத்தின் கோளாறு. முதலில் கழற்றிப் பார்க்க வேண்டும். இதை ஊருக்கெல்லாம் ஒப்பித்தவன், என் சொந்தக் காருக்கு மட்டும் செய்யவில்லை.

அப்பா அப்போது மதுரையில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். நுரையீரல் ஓய்ந்துகொண்டிருந்தது. தினமும் போய் வந்தேன். அந்த வாரம் பார்த்துத்தான் கார் மக்கர் பண்ண ஆரம்பித்தது. அதே ரோடு, அதே வேகம். ஒரு சமயம் பெட்ரோல் போதாமல் வெட்டும், இன்னொரு சமயம் ஒழுங்காக ஓடும். லேப்டாப்பை மாட்டினேன். எண்கள் நிலைகொள்ளாமல் ஆடின. எஞ்சின் இழுக்கும் காற்றை அளக்க ஒரு சென்சார் உண்டு, அதற்குள் முடியளவு ஒரு கம்பி. கழற்ற இரண்டு ஸ்க்ரூதான், பத்து நிமிட வேலை. எனக்குப் பொறுமை இல்லை. பெட்ரோலை நூற்றுக்கு இருபது பங்கு கூட்டி எழுதினேன். புகையைப் பார்த்துக் கம்ப்யூட்டர் தானாகவே அளவைத் திருத்திக்கொள்ளும். அதன் ஆட்டம் எரிச்சலாக இருந்ததால் அந்த வசதியையும் அணைத்துவிட்டேன். வழக்கம்போல அய்யனார் கோவில் ரோட்டில் ஓட்டிப் பார்த்தேன். ஒரு வெட்டு இல்லை. என் வேலையை நானே மெச்சிக்கொண்டு டீ குடித்தேன்.

மூன்றாம் நாள் டாக்டர் கூப்பிட்டு, வீட்டுக்குக் கொண்டுபோய்விடுங்கள் என்றார். எங்கள் தெருவில், வெளியே உயிர் போனவரை வாசல்படி தாண்டி உள்ளே கொண்டுபோக மாட்டார்கள். தெருவில் பந்தல் போட்டுக் கிடத்தி, அங்கிருந்தே தூக்கிவிடுவார்கள். அப்பா கொத்தனார். அந்த வீட்டைத் தன் கையால் கட்டியவர். மூச்சு இருக்கும்போதே அதற்குள் போய்விட வேண்டும் என்பது மட்டும்தான் அவர் கேட்டது.

ஆம்புலன்ஸ் தருகிறோம் என்றார்கள். "நம்ம வண்டி இருக்கு" என்றேன். அதைப் பாசம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. திமிர்.

அக்கா பின்சீட்டில் அப்பாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். கையோடு ஒரு சின்ன ஆக்ஸிஜன் சிலிண்டர். திருமங்கலம் வருவதற்குள் அப்பா மூன்று தடவை கேட்டார்.

"வீட்டுக்குத்தானல போறோம்?"

"வீட்டுக்குத்தாம்ப்பா. அம்மா ரூமைக் கூட்டிக் கட்டில் போட்டு வச்சிருக்கா" என்றேன்.

அவர் உடம்பு குலுங்கக் கூடாதென்று மெதுவாகவே ஓட்டினேன். கிருஷ்ணன்கோவில் தாண்டியதும் பெட்ரோல் வாடை அடித்தது. கண்ணாடியில் பார்த்தால் பின்னால் கரும்புகை. ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரம் தெரிகிற இடத்தில் கார் இரண்டு தடவை இருமி நின்றுவிட்டது.

பானெட்டைத் திறந்து சென்சாரைக் கழற்றினேன். ஓரத்தில் தறிக்கூடத்துப் பஞ்சு ஒதுங்கியிருந்தது. கம்பி பளிச்சென்று இருந்தது. அந்தப் பஞ்சு கம்பியில் ஒட்டிக்கொண்டு காற்றைக் குறைத்துக் காட்டியிருக்கிறது; வழியில் எங்கேயோ விலகிவிட்டது. காற்றுக் கணக்கு சரியானதும், நான் கூட்டி வைத்தது முழுக்க உபரியாகி, பெட்ரோலைப் பற்றவைக்கும் ஸ்பார்க் பிளக்குகளை நனைத்துக் கரியாக்கிவிட்டது. காரணம் பிடிபட்டதில் எனக்கு ஒரு கணம் சந்தோஷம்கூட வந்தது. அதை நினைத்தால் இன்றும் என்னையே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

"ஏலே, வேற வண்டிய நிப்பாட்டு. அப்பாவுக்கு மூச்சு ஒரு மாதிரியா வருது" என்றாள் அக்கா.

"ரெண்டு நிமிசம்க்கா. பிளக்கத் தொடச்சா ஓடிரும்."

என் கண்ணெதிரே காரும் வேனும் போய்க்கொண்டுதான் இருந்தன. கை காட்டியிருந்தால் ஏதாவது ஒன்று நின்றிருக்கும். அரைமணி நேரத்தில் வீடு. நான் குனிந்தபடியே இருந்தேன். நான் திருத்திய கார் நடுரோட்டில் நின்றதை என்னால் தாங்க முடியவில்லை. மூன்றாவது பிளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அக்கா அலறினாள்.

நாலாவதையும் துடைத்து மாட்டினேன். கார் ஓடியது.

ராஜபாளையம் வந்துவிட்டோம். தெருமுனையில் அக்கா மெல்லச் சொன்னாள்: "மூச்சு இருக்குன்னு சொல்லி உள்ள கொண்டு போயிருவோம்டா."

அம்மா வாசலிலேயே நின்றிருந்தாள். கார்க் கதவைத் திறந்து அப்பாவின் பாதத்தைத் தொட்டாள். வெகுநேரம் கையை எடுக்கவில்லை.

"பந்தல் போடச் சொல்லுங்க" என்றாள். உள்ளே போய், அப்பாவுக்காகச் சுற்றிக்கொண்டிருந்த ஃபேனை அணைத்தாள்.

வந்தவர்களிடமெல்லாம் அக்கா ஒரே பதில்தான் சொன்னாள். "திருமங்கலம் தாண்டும்போதே போயிட்டாக. இவன் பாவம், என்ன செய்வான்?" கார் நின்றதையும், அவள் சொல்லியும் நான் கேட்காததையும் யாரிடமும் சொல்லவில்லை. எனக்காகச் சொன்ன பொய் அது. பந்தலுக்கடியில் நானும் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து அவள் ஆலங்குளத்துக்குக் கிளம்பினாள். அவளைக் கட்டிக்கொடுத்த ஊர் அது. எப்போதும் நான்தான் கொண்டுபோய் விடுவேன். சாவியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன்.

"வேண்டாம்டா" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல். "பஸ்ஸுல போயிக்கிறேன்."