என் வலதா, ஒன் வலதா

தாதியர் பயிற்சிக்கு இரத்தினபுரியில் சேர்ந்த முதல் வருஷம், எனக்கு மனுஷ உடம்பே புரியாமல் போனது. பாடம் இங்கிலீஷில், விளக்கம் சிங்களத்தில். கடைவீதிச் சிங்களம் எனக்குத் தண்ணீர்பட்ட பாடு. ஆனால் மீடியல், லேட்டரல் என்று வந்தால் வாயடைத்துவிடும். நடுக்கோட்டுக்குக் கிட்ட என்றால் மீடியல், விலகினால் லேட்டரல். பொம்மையைக் காட்டி மிஸ் கேட்கும்போது, என் கைப்பக்கத்தை வைத்தே சொல்லிவிடுவேன்.

"உன் வலது இல்லை, நோயாளியின் வலது!"

பின்வரிசை சிரிக்கும். விட்டுவிட்டு ஊருக்குப் போகவும் வழியில்லை. தேயிலைத் தோட்டத்துக்காரர்களின் வரிசை வீடுகளான எங்கள் லயத்திலிருந்து நர்ஸுக்குப் படிக்கப்போன முதல் பெண் நான்.

லீவில் றக்வானைக்கு மேலே எங்கள் தோட்டத்துக்குப் போயிருந்தேன். விடாத மழை. மண் சரிந்து பாதை அடைபட்ட அன்றைக்குத்தான் அப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டார். தூக்கிப்போக ஆள் கூப்பிட அம்மா ஓடினார். எங்கள் ஒற்றை அறைக் காம்பராவில் நானும் அவரும் மட்டும். ஜன்னலோரம் கட்டிலை இழுத்துப்போட்டால்தான் சிக்னல் வந்தது. நான் பயிற்சி எடுக்கும் ஆஸ்பத்திரிக்குப் போன் எடுத்தேன்.

"வயிற்றை ஒன்பதாகப் பிரித்துப் படித்திருப்பாயே, எந்த இடம்?" என்று சிங்களத்தில் கேட்டார் வார்டு சிஸ்டர்.

"அப்பா, சட்டையத் தூக்குங்க."

"அம்மா வரட்டும்."

"அவங்க வர நேரமாகும். நான்தான் பாக்கணும்."

சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு சட்டையைத் தூக்கினார்.

"வலது பக்கமா வலிக்குது?"

"என் வலதா, ஒன் வலதா?"

அந்த நிமிஷம் எனக்கே தெரியவில்லை. போனில் சிஸ்டர், கட்டிலில் அப்பா, வெளியே மழை.

"நீங்க சாப்பிடுற கைப்பக்கமா?"

"ஆமா. கீழ."

அழுத்திக் கையை எடுத்ததும் அலறினார். வலது அடிவயிறு. "ரைட் இலியாக்" என்றேன். சிஸ்டரின் குரல் மாறியது. குடல்வாலாக இருக்கும், சொட்டுத் தண்ணீர்கூடக் கொடுக்காதே, எப்படியாவது கொண்டுவா என்றார்.

ஆட்கள் வந்துசேர இரண்டு மணி நேரம். தண்ணி, தண்ணி என்று அப்பா கெஞ்ச, செம்பை ஒளித்துவைத்துவிட்டு அந்தப் பத்தடி அறைக்குள் நின்றேன். ஆறு பேர் கம்பளியில் சுமந்து, சரிவைத் தாண்டி வேனில் ஏற்றினார்கள். அன்றைக்கே ஆபரேஷன். பிழைத்துக்கொண்டார்.

வார்டில் நான் கட்டில் பக்கம் போனாலே போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொள்வார். "இப்ப எங்கப்பா வலிக்குது?" என்று கேட்டேன். பக்கத்தில் நின்ற அம்மாவைப் பார்த்து, "ஒண்ணுமில்லன்னு சொல்லு" என்றார்.