அப்பாவுக்கு நான் கற்றுக்கொடுத்த பேச்சு

ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றுவிட்டது. அதற்குள் ஒருவருக்கு மேடைப்பேச்சு கற்றுக்கொடுத்துவிட்டேன். அவர் என் அப்பா.

மாத்தளைப் பக்கம் எல்கடுவைக்கு மேலே இருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்தில் அப்பாதான் சங்கத் தலைவர். சனிக்கிழமைதோறும் வேலை முடிந்த பிறகு, தோட்டத்தை நடத்தும் துரை ஆபீஸ் ஜன்னலைத் திறந்துவைத்துக் குறை கேட்பார். ஆட்கள் முற்றத்தில் நிற்க, தலைவர் ஜன்னலருகே போய்ப் பேச வேண்டும். அப்பாவின் குரல் மூன்றாம் ஆளுக்குக் கேட்காது. துரையே நாற்காலியை இழுத்துப் போட்டுக் குனிந்து, காதைக் கொடுத்துக் கேட்பார். எங்கள் வரிசை வீடுகளான லயத்துப் பையன்களுக்கு அது வேடிக்கை.

"ஒங்கப்பா தொரைக்குத் தாலாட்டுப் பாடுறாருடா. பாரு, தொரை தூங்கப்போறாரு!"

எனக்கு உடம்பு கூசும். நான் பெரிய பேச்சாளர்களைக் கேட்டவன் அல்லவா? மாத்தளை டவுனில் கூட்டம் என்றால் அப்பாவோடு போய் மேடைக்குக் கீழேயே உட்கார்ந்துகொள்வேன். யார் எந்த இடத்தில் நிறுத்துகிறார், எப்போது சோடா குடிக்கிறார், கைதட்டல் ஓயும்வரை எப்படித் துண்டைச் சரிசெய்கிறார், எல்லாம் மனப்பாடம். கொழுந்து நிறுக்கும் கொட்டகையில் ஆளில்லாத நேரம் அதே மாதிரி முழங்கிப் பார்ப்பேன்.

அந்த வருஷம் அத்தையின் புருஷன் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். அத்தைக்குக் கைக்குழந்தை. உடம்பு தேறாததால் அவள் வேலைக்குப் போகவில்லை. வேலையில் பேர் இல்லாதவர்களுக்குக் குடியிருக்க லயத்துக் காம்பரா கிடையாது என்பது தோட்டத்துச் சட்டம். காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள். இன்னும் இரண்டு மாதத்தில் கொழுந்து எடுக்க வந்துவிடுவாள், அதுவரை விட்டுவையுங்கள் என்று அப்பா துரையிடம் கேட்க வேண்டும். அவ்வளவுதான்.

"இந்தத் தடவையாச்சும் நல்லாப் பேசுங்கப்பா. பசங்க சிரிக்கிறாங்க" என்றேன்.

அப்பா அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டு என்னைப் பார்த்தார். "எப்படிடா பேசணும்?"

சொல்லிக்கொடுத்தேன். எங்கே நிறுத்துவது, எங்கே கையை உயர்த்துவது, எல்லாம். அத்தை குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு சிரித்தாள்.

"அண்ணே, கைய இன்னும் தூக்குங்க. மருமகன் வாத்தியாரு அடிச்சிரப்போறாரு."

மறுநாள் சனிக்கிழமை ஜன்னல் முன்னால் போய் நின்று, "உழைக்கும் மக்களே!" என்று அப்பா தொடங்கினார். வழக்கம்போலக் குனிந்த துரை திடுக்கிட்டு நிமிர்ந்தார். எங்கள் ரத்தத்தில் வளர்ந்த செடிகள் என்றார் அப்பா. நாங்கள் எழுந்தால் மலை அதிரும் என்றார். நடுவே இரண்டு முறை பாடம் மறந்து தடுமாறினார். அத்தையின் பேரும் வரவில்லை, இரண்டு மாதமும் வரவில்லை.

"தலைவர், இது டவுன் மீட்டிங் இல்லே. போ!"

ஜன்னல் சாத்தப்பட்டது. துரை பயந்துவிட்டார் என்று நினைத்து முதலில் கைதட்டியவன் நான்.

அடுத்த சனிக்கிழமை அப்பா தன் பழைய குரலோடு போனார். அவர் முறை வந்ததும் ஆபீஸ் கணக்கப்பிள்ளை அவரைத் தாண்டி அடுத்த ஆளையே நேராக ஜன்னலுக்குக் கூப்பிட்டார். மாதக் கடைசியில் அத்தை குழந்தையோடு பல்லேகமப் பக்கம் யாருடைய வயலுக்கோ கூலிக்குப் போனாள். அதற்குள் எனக்குக் கொஞ்சம் விளங்கியிருந்தது. கோயிலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். "மருமகன் எங்க? சொல்லிட்டுப் போறேனே" என்று அவள் கேட்டது காதில் விழுந்தது. நான் போகவில்லை.

அப்பா என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. இன்றைக்கும் நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அன்று எனக்கு விளங்காமல் போனது ஒன்றுதான். தங்கச்சியின் காம்பராவுக்காகப் போனவர், துரைக்குப் பாதி முதுகைக் காட்டியபடி, பேசி முடிக்கும்வரை ஏன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார் என்பது.